எதை எடுத்து வைக்க, எதை விட?

கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில் கையைவிட வாய்க்குத்தான் வேலை அதிகம். கம்ப்யூட்டரை இயக்கும் ஓ.எஸ்.ஸைப் புதிதாக ஏற்றினால் பழையதெல்லாம் போய்விடும். அதனால் வேண்டியதை முதலில் காப்பி எடுத்து வைக்க வேண்டும். எது வேண்டியது என்று நாங்கள் முடிவு செய்ய முடியாது, உரியவரைத்தான் கேட்கவேண்டும். என்னைப்போல் கடை வைத்திருப்பவர்களுக்கும், கம்ப்யூட்டரைக் கொடுத்துவிட்டு எதிர் ஸ்டூலில் நகம் கடித்தவர்களுக்கும் அந்தக் கேள்வியின் கஷ்டம் தெரியும். கோவை காந்திபுரத்தில் நான் ஒருத்தியாக நடத்தும் கடைக்கு வந்தவர்களில் சிலரைச் சொல்கிறேன்.

அதே வரிசை

பல்லடம் பக்கம் கோழிப்பண்ணை நடத்தும் ஒரு அம்மா, கம்ப்யூட்டரைக் காரின் பின்சீட்டில் வைத்துக் கொண்டுவந்தார். கழற்றினால் உள்ளே ஒரே இறகுத் தூசி. தீவனம், மருந்து, முட்டை லோடு என்று எல்லா ஃபைலையும் காப்பி எடுத்துக் காட்டினேன். அவருக்குத் திருப்தியில்லை. திரையில் ஐகான்கள் இருக்கிற வரிசையை போட்டோ எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஃபைல்தான் பத்திரமாக இருக்கிறதே, வரிசை எதற்கு என்று நினைத்தாலும் எடுத்துக்கொண்டேன்.

வேலை முடிந்ததும் போட்டோவைப் பார்த்து அப்படியே அடுக்கிக் கொடுத்தேன். அவர் மவுஸைப் பிடித்து, கண்ணாடிகூடப் போடாமல், கடகடவென்று ஒவ்வொன்றாகத் திறந்து மூடினார். பிறகுதான் சொன்னார்: "எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது கண்ணு. எது எங்க இருக்குதுன்னுதான் தெரியும்."

கல்யாண போட்டோ

உடுமலைப்பேட்டையிலிருந்து வேலை விஷயமாகக் கோவைக்குக் குடிவந்த பெண் ஒருவர் லேப்டாப் கொண்டுவந்தார். கணவரிடமிருந்து விவாகரத்து ஆகிவிட்டது என்று அவரே சொன்னார். ஆபீஸ் ஃபைல்களும் மகளின் போட்டோக்களும் போதும், கல்யாண போட்டோக்கள் வேண்டாம் என்றார். அழித்தால் திரும்ப வராது என்று எல்லோரிடமும் சொல்வதுபோல் அவரிடமும் சொன்னேன். தெரியும் என்றார்.

மற்றதெல்லாம் காப்பி ஆகி முடிந்தது. ஆரம்பிக்கலாமா என்று கேட்டேன். அவர் கைப்பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து மேஜைமேல் வைத்தார். கல்யாண போட்டோக்களை மட்டும் அதில் போட்டுத் தரச் சொன்னார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "நான் பாக்க மாட்டேனுங்க. ஆனா பாப்பா பெரிசானா, அப்பாவும் அம்மாவும் சேர்ந்து சிரிக்கற மாதிரி ஒரு போட்டோ இல்லையான்னு கேப்பா."

முதல் பதிவு

அன்னூரிலிருந்து வந்தவர் ஒரு மில்லில் சூப்பர்வைசர். லேப்டாப்பில் முக்கியமாக எதுவும் இல்லை, எல்லாவற்றையும் அழித்துவிடலாம் என்றார். பார்த்தால் 'படிப்பு' என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் நிறைய இடம் பிடித்திருந்தது, முழுக்க ஆடியோ. நான் யாருடைய ஃபைலையும் திறப்பதில்லை. இது வேண்டுமா என்று மட்டும் கேட்டேன்.

கடையில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார். சின்ன வயதிலிருந்தே அவருக்குத் திக்குவாய். முன்பெல்லாம் ஷிஃப்டில் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட வராது, கை காட்டித்தான் வேலை வாங்குவாராம். பேச்சுப் பயிற்சி கொடுத்தவர் சொன்னபடி, தினமும் விடிந்ததும் தோட்டத்து மோட்டார் ரூமில் உட்கார்ந்து பேப்பரைச் சத்தமாகப் படித்துப் பதிவு செய்திருக்கிறார். வருஷக்கணக்காக. வீட்டில் யாருக்கும் தெரியாது. டிஸ்க்கில் இடம் இருக்கிறது, எல்லாவற்றையும் எடுத்து வைக்கிறேன் என்றேன். வேண்டாம், யாராவது கேட்டுவிட்டால் கூச்சமாக இருக்கும் என்றார்.

அழிக்கப் போன என்னை நிறுத்தி, மவுஸை வாங்கி, முதல் பதிவைப் போட்டார். செய்தியின் முதல் சொல்லிலேயே குரல் மாட்டிக்கொண்டது. திரும்பத் திரும்ப அதே எழுத்து, நடுவில் மூச்சு வாங்கும் சத்தம், பின்னால் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பாதியில் நிறுத்தவில்லை. முடியும்வரை இரண்டு பேரும் கேட்டோம். அந்த ஒன்றை மட்டும் காப்பி எடுக்கச் சொன்னார். கடைசியாகப் பதிவு செய்ததையும் சேர்த்து வைக்கட்டுமா என்று கேட்டேன். நிதானமாக, ஓர் இடத்திலும் தடுக்காமல் சொன்னார்: "மொதல்ல பேசினது மட்டும் இருக்கட்டுங்க அம்மணி. இப்பப் பேசறது எங்கிட்டயே இருக்குதுங்க."

ஓ.எஸ். ஏற்றுவதற்கு ஒரு டீ குடிக்கிற நேரம் போதும், ஆனால் எதை விடலாம் என்று வந்தவர் முடிவு செய்வதற்குள் பக்கத்து டீக்கடைக்காரருக்குத்தான் நல்ல வியாபாரம்.