பஸ் தரிப்பிடத்தில் சின்னம்மா

வாடகை வீட்டு ஏஜென்ட் வருகிற நாட்கள் எனக்குத் திருவிழா நாட்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவார். சுவரில் ஆணி அடித்திருக்கிறோமா, அடுப்பு துப்புரவாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவார். அவர் பார்க்கக் கூடாத ஒன்று எங்கள் பின்வளவில் இருந்தது. அது கராஜ். அதற்குள் சித்தப்பாவும் சின்னம்மாவும் குடியிருந்தார்கள்.

டண்டினொங் என்ற புறநகரில் அந்த வீட்டை அப்பா எடுத்தபோது அப்பா, அம்மா, நான் என்று மூன்று பேர் பெயரைத்தான் கொடுத்தார். எங்களுக்கு நிரந்தர விசா கிடைத்துவிட்டிருந்தது. சித்தப்பாவும் சின்னம்மாவும் பிறகு படகில் வந்தவர்கள். இரத்த உறவில்லை, அப்பாவின் ஊர்க்காரர்கள். அவர்களுடைய விசா எந்த நேரமும் முடியலாம், திருப்பி அனுப்பலாம் என்ற நிலை. அவர்களுக்கு வாடகைக்கு இடம் கொடுக்க ஆளில்லை. அப்பா கராஜைக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு நான் எங்கெங்கோ அலைந்துவிட்டேன். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பழத்தோட்டம், இறைச்சித் தொழிற்சாலை, மோட்டல் துப்புரவு என்று ஒரு வேலையிலும் ஒரு வருடம் முழுதாக நின்றதில்லை. எத்தனையோ கராஜில், காரில், தகரக் கொட்டிலில் படுத்திருக்கிறேன். அதனால் சொல்கிறேன், அந்தக் கராஜ் அவ்வளவு மோசமில்லை. மழை காலத்தில் ஒரு பக்கச் சுவர் கறுப்பாகப் பூஞ்சணம் பிடிக்கும். சின்னம்மா மூக்கைச் சால்வையால் கட்டிக்கொண்டு பிளீச் போட்டுத் தேய்ப்பார். அடுத்த மழைக்கு அது திரும்பி வரும். கழிவறை ஒன்றுதான், அதுவும் வீட்டுக்குள். விடியற்காலை ஐந்து பேரும் அதற்கு முன்னால் நிற்போம். வரிசை நீண்டால் சித்தப்பா புகையிரத நிலையத்துக்கு நடந்து போய்விடுவார்.

ஏஜென்ட் வருகிறார் என்றால் காலையிலேயே வேலை தொடங்கிவிடும். கட்டிலைக் கழற்றிப் பலகைகளாகச் சுவரில் சாய்ப்பார்கள். மெத்தை என் கட்டிலின் மேல் ஏறும். அன்றைக்கு நான் இளவரசி மாதிரி இரட்டை மெத்தையில் குதிப்பேன். அப்பா காரைக் கராஜுக்குள் கொண்டுபோய் நிறுத்துவார். அம்மா குளியலறையிலிருந்து இரண்டு பல்துலக்கும் பிரஷ்களை எடுத்து என் சாப்பாட்டுப் பெட்டிக்குள் ஒளித்துவைப்பார். பிறகு சித்தப்பாவும் சின்னம்மாவும் என்னைக் கூட்டிக்கொண்டு சந்தைக்குப் போவார்கள். அங்கே சூடான ஜாம் டோனட் விற்கும். வாயைச் சுட்டுக்கொண்டு தின்போம். ஏஜென்டின் கார் போய்விட்டது என்று அப்பா ஃபோன் எடுத்ததும் வெற்றி பெற்றவர்கள் போலத் திரும்பி வருவோம்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது காய்ச்சல் வந்தது. கண் சிவந்து, மூக்கு ஒழுகி, பிறகு காதுக்குப் பின்னாலிருந்து முகம் முழுக்கச் சிவப்புச் சிவப்பாகப் போட்டது. ஊசி போட்ட அட்டை எதுவும் எங்களிடம் இருக்கவில்லை. இந்தியாவில் அகதி முகாம் முகாமாக இருந்த காலத்தில் எனக்கு எந்த ஊசி போட்டார்கள், எதைப் போடவில்லை என்று அம்மாவுக்கே நினைவில்லை. கிளினிக்கில் டாக்டர் என்னைப் பார்த்ததும் முகத்துக்கு மறைப்புக் கட்டிக்கொண்டு, எங்களைப் பின்கதவால் தனி அறைக்குக் கொண்டுபோனார். தொண்டையில் பஞ்சு விட்டு எடுத்தார். யாருக்கோ ஃபோன் எடுத்தார். அந்த ஃபோன்தான் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

"ஒரு சின்னமுத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமோ? எங்கட பக்கம் இதுக்கெல்லாம் டொக்டரிட்டைப் போறதே இல்லை" என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

எங்கள் ஆட்களுக்கு உடம்பில் முத்துப் போட்டு வருகிற எல்லா வருத்தமும் அம்மாள்தான். நீர்க்கொப்புளம் போடுகிற கொப்பளிப்பானும் அம்மாள், தட்டம்மை என்கிற சின்னமுத்தும் அம்மாள்; இரண்டும் வேறு வேறு வருத்தம் என்று பார்ப்பதில்லை. ஒருக்கால் வந்தால் பிறகு வராது என்பதும் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். சின்னம்மாவுக்குச் சின்ன வயதில் கொப்பளிப்பான் வந்திருந்தது. நெற்றியில் அடையாளமும் இருந்தது. அதனால் காய்ச்சல் தொடங்கிய நாளிலிருந்தே, அம்மா வேலைக்குப் போகிற நேரத்தில் என்னைப் பார்த்துக்கொள்ளச் சின்னம்மாவைவிடப் பொருத்தமான ஆள் இல்லையென்று எல்லாருமாகத் தீர்மானித்திருந்தார்கள். அவருக்கு அப்போது ஆறு மாதம். ஆறு வருடம் காத்திருந்து வந்த பிள்ளை.

"அவவுக்கு அம்மாள் வந்து போட்டா. இனி ஏன் வரப்போறா?" என்றார் அம்மா.

வேப்பிலைக்கு அப்பா கடை கடையாக அலைந்தார். இலங்கைக் கடையில் வேப்பம்பூ வடகம்தான் இருந்தது. அதையே பைக்கற்றோடு கொண்டுவந்து தலைமாட்டில் வைத்தார்.

"அண்ணை, அம்மாள் இதைக் கண்டிட்டு, பொரிச்சுத் தாங்கோ, புட்டோட தின்னுவம் எண்டு கேக்கப்போறா" என்றார் சித்தப்பா. எனக்கு அந்தக் காய்ச்சலிலும் சிரிப்பு வந்தது. சின்னம்மா என் பக்கத்தில் படுத்துக்கொண்டு, வெளிச்சம் கண்ணில் படாமல் தன் சால்வையால் என் முகத்துக்குக் கூடாரம் கட்டினார். அவருடைய வயிற்றில் என் கையை எடுத்து வைத்தார். உள்ளே பிள்ளை உதைத்தது. "உன்னைச் சுகமோ எண்டு கேக்குது" என்றார்.

அடுத்த நாள் காலையில் சுகாதாரப் பகுதியிலிருந்து ஃபோன் வந்தது. மத்தியானம் ஒரு நர்ஸ் வீட்டுக்கு வருவார் என்று சொன்னார்கள்.

அம்மா அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. குசினிக்குள் நான்கு பேரும் கூடி நின்று கதைத்தார்கள். வருத்தம் பரப்பினவர்கள் என்று எழுதி அனுப்பினால் விசா போய்விடும் என்று யாரோ சித்தப்பாவுக்குச் சொல்லியிருந்தார். கராஜில் ஆள் இருப்பது தெரிந்தால் கவுன்சில் வரும், வீடும் போகும் என்றார் அப்பா. கடைசியில் சின்னம்மாதான் சொன்னார்.

"அக்கா, ஏன் யோசிக்கிறியள்? ஏஜென்ட் வந்தால் என்ன செய்யிறனாங்களோ அதைச் செய்வம். இவர் வேலை தேடிப் போகட்டும். எனக்குச் சந்தை மட்டும் நடக்க ஏலாது. முன்னாலை பஸ் தரிப்பிடத்திலை போய் இருக்கிறன்."

கட்டில் கழன்றது. கார் உள்ளே போனது. பிரஷ்கள் என் சாப்பாட்டுப் பெட்டிக்குள் போயின. எனக்குச் சந்தைக்குப் போக முடியவில்லையே என்று மட்டும்தான் கவலை.

நர்ஸ் வெள்ளைக்காரப் பெண், அம்மாவைவிட வயது கூடியவர். செருப்பை வாசலில் கழற்றவேண்டுமென்று யாரும் சொல்லாமலே கழற்றினார். நான் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கத் தயாராக எழுந்து உட்கார்ந்தேன். அவர் என் தலையைத் தடவி, படுத்திரு என்று சொல்லிவிட்டு, ஃபோனை மேசையில் வைத்தார். அதற்குள்ளிருந்து ஒரு பெண் தமிழில் பேசினார். எங்கள் பக்கத்துத் தமிழ்.

ஆங்கிலத்துக்குப் பயப்படாத அம்மா அந்தத் தமிழைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பிள்ளை, நீங்கள் எந்த இடம்?"

"அம்மா, நான் மொழிபெயர்க்க மட்டும்தான். என்னைப் பற்றிக் கதைக்க அனுமதியில்லை. இங்க கதைக்கிற ஒண்டும் வெளியில போகாது."

அதோடு அம்மாவின் முகம் மூடிவிட்டது. எந்த இடம் என்று சொல்லாத ஒரு தமிழாளிடம் எதைச் சொல்வது? நாளைக்குக் கோயிலில் பக்கத்தில் நிற்கிறவளாகவும் இருக்கலாம். அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா நிலத்தைப் பார்த்தார்.

"வீட்டில எத்தினை பேர் இருக்கிறியள்?" 

"நாங்கள் மூண்டு பேர்தான்."

"இந்தக் கிழமை ஆராவது வந்து போனவையோ?"

"ஒருத்தரும் வாறேல்லை. எங்களுக்கு ஆர் இருக்கினம்?"

"கைக்குழந்தை, இல்லாட்டிப் பிள்ளைத்தாச்சி, ஆராவது இவவுக்குக் கிட்ட இருந்தவையோ? நல்லா யோசிச்சுச் சொல்லச் சொல்லுறா."

"இல்லை" என்றார் அம்மா, யோசிக்காமல்.

இல்லை என்ற பிறகு அதைப் பற்றிக் கதைக்க ஒன்றும் இருக்கவில்லை. நர்ஸ் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இரத்தம் எடுத்தார். என் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டார். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார்.

என் தலைமாட்டு யன்னலின் திரைக்கு நடுவில் சின்ன இடைவெளி இருந்தது. அதனால் வீதியின் மறுபக்கம் தெரியும். சின்னம்மா பஸ் தரிப்பிடத்து வாங்குப் பலகையில் மடியில் பையை வைத்துக்கொண்டு இருந்தார். ஒரு பஸ் வந்து நின்றது. அவர் கையை ஆட்டி, போ போ என்றார். அது போனது. நர்ஸின் கார் அந்தத் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில்தான் நின்றது. வெளியே போனவர் காரைத் திறக்கப் போய், சின்னம்மாவைப் பார்த்து நின்றார். ஏதோ சொன்னார். சின்னம்மா சிரித்துக்கொண்டு ஒரு கையின் விரல்களையும் மற்றக் கையில் ஒரு விரலையும் காட்டினார். நர்ஸும் சிரித்தார். பிறகு கையைத் தூக்கி விடைபெற்று, காரை எடுத்துக்கொண்டு போனார்.

"எத்தினை மாதம் எண்டு கேட்டா போலை" என்றார் சின்னம்மா உள்ளே வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு. "ஆறு எண்டு காட்டினன். 'குட் லக்' எண்டிட்டுப் போறா. நல்ல மனிசி, அக்கா."

எல்லாரும் சிரித்தார்கள். அம்மா அன்றைக்கு எல்லாருக்கும் இனிப்புப் போட்டுத் தேத்தண்ணி ஊற்றினார். பயத்திலிருந்து தப்பியவர்களின் சிரிப்பை நான் பின்னால் வேறு பல இடங்களிலும் கேட்டிருக்கிறேன். அவ்வளவு சத்தமான சிரிப்பு வேறு கிடையாது.

எனக்குச் சுகமாகி, தலைக்குத் தண்ணீர் வார்த்துப் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோது சின்னம்மா படுத்துவிட்டார். கராஜின் குளிர் என்றார்கள். பிறகு முகத்தில் போட்டது. இரண்டாம் தரம் வராதே என்று அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார், சின்னம்மாவின் நெற்றியிலிருந்த பழைய அடையாளத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி. ஆஸ்பத்திரிக்குப் போனால் விலாசம் கேட்பார்களே என்று பொறுத்திருந்தார்கள். மூச்சு எடுக்க முடியாமல் போன காலையில் சித்தப்பா யாரையும் கேட்கவில்லை. டாக்சி பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்.

சின்னம்மா பிழைத்தார். பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. பெண் பிள்ளை என்று அப்பா குசினியில் அம்மாவுக்குச் சொன்னதைக் கேட்டேன். சின்னம்மா எங்கள் கராஜுக்குத் திரும்பி வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே சிநேகிதர் ஒருவரின் வீட்டுக்குப் போய், பிறகு சிட்னிக்கு மாறி, இப்போது இருவரும் நார்த்மீட்டில் இருக்கிறார்கள் என்று கேள்வி. வேலைக்காக நான் அந்தப் பக்கம் எத்தனையோ தரம் போயிருக்கிறேன். கதவைத் தட்டியதில்லை.

சின்னம்மா இன்னும் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் அந்த நர்ஸ் மறுபடியும் வந்தார். சின்னம்மா கொடுத்த விலாசம் எங்கள் விலாசம்தானே. இந்த முறை நாங்கள் எதையும் ஒளிக்கவில்லை. கட்டில் விரித்தபடியே கராஜில் கிடந்தது. நர்ஸ் அதைப் போய்ப் பார்த்தார். கறுத்த சுவரையும் பார்த்தார். திரும்பி வந்து கதிரையில் இருந்தார். பஸ் தரிப்பிடத்தில் கண்ட பெண்தான் அவர் என்று எப்போது விளங்கிக்கொண்டாரோ தெரியாது. கனநேரம் யன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஃபோனை மேசையில் வைத்தார். இந்த முறை ஓர் ஆண் குரல்.

"அம்மா, அவ உங்களைக் குற்றம் சொல்ல வரேல்லையாம். அண்டைக்குத் தெரிஞ்சிருந்தால் அந்தப் பிள்ளைத்தாச்சிக்கு ஒரு ஊசி போட்டிருப்பினமாம். அது கட்டாயம் காப்பாத்தியிருக்கும் எண்டு சொல்ல ஏலாது, ஆனால் போட்டிருப்பினமாம்."

அப்பாதான் கேட்டார்.

"அவையின்ரை விசா?"

குரல் ஆங்கிலத்தில் கேட்டு, பதிலைக் கொண்டுவந்தது. "விசாவைப் பற்றி இவை கேக்கிறதே இல்லையாம். இமிகிரேசனுக்கும் சொல்லுறதில்லை, வீட்டுக்காரருக்கும் சொல்லுறதில்லை. அண்டைக்கும் சொல்லியிருக்கமாட்டினம். நீங்கள் ஒண்டுக்கும் பயப்பிட வேண்டாமாம்."

அம்மா கதிரையிலிருந்து மெல்லச் சரிந்து நிலத்தில் இருந்தார். வாயைக் கையால் பொத்திக்கொண்டு அழுதார். அப்படி ஒரு சத்தத்தை அவரிடமிருந்து நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. நர்ஸும் இறங்கி அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார்.

எனக்குக் குழப்பமாக இருந்தது. சொன்னது நல்ல செய்திதானே. சித்தப்பாவைத் திருப்பி அனுப்பமாட்டார்கள். எங்களுக்கு வீடு போகாது. இத்தனை நாள் பயந்ததெல்லாம் வீண். குரல் சொன்னது அம்மாவுக்குச் சரியாக விளங்கவில்லை என்று நினைத்தேன். கிட்டப் போய் அவருடைய தோளைப் பிடித்து ஆட்டினேன்.

"அம்மா, அவை ஒருத்தரிட்டையும் சொல்லமாட்டினமாம். அண்டைக்கும் சொல்லியிருக்கமாட்டினமாம்."

அம்மா நிறுத்தவில்லை. காதில் விழவில்லையாக்கும் என்று, இன்னும் உரக்க அதையே திரும்பச் சொன்னேன்.