மேஸ்திரியின் பேரைச் சொன்னவள்

ரூத் வாயை அசைத்து ஜெபம் செய்தாள். வேறு எங்கே செய்திருந்தாலும் அது ஒரு குற்றமே இல்லை. மில்லுக்குள் செய்ததுதான் வினையாகிவிட்டது.

அந்த நாளில் சிங்காநல்லூர்ப் பக்கம் எழும்பிய நூல் மில்களில் ஒன்றில் அவளுக்கு வேலை. பேர் எதற்கு, எல்லாம் ஒரே லட்சணம்தான். மிஷின்கள் ஓடத் தொடங்கினால் காதில் வாய் வைத்துக் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே வேலை செய்கிறவர்கள் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார்கள். இந்தக் கோடியிலிருந்து ஒருத்தி “இன்னைக்கு என்ன கொழம்பு?” என்று உதட்டை அசைத்தால், அந்தக் கோடியில் இருப்பவள் “கொள்ளுப் பருப்பு” என்று உதட்டாலேயே பதில் சொல்வாள். மேஸ்திரி செங்கோட்டையனுக்கு இந்த வித்தை எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். அவனுக்கு மரியாதை கொடுத்து எழுத எனக்குக் கை வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆள் எடுப்பவனும் அவன், நிறுத்துபவனும் அவன். பெண்கள் ஒதுங்கப் போக வேண்டுமென்றாலும் அவன் தலையை ஆட்ட வேண்டும். விடுமுறை நாளில் அவன் வீட்டுக்குப் போய்ச் சாணி அள்ளுவதும் தொட்டியில் தண்ணீர் நிரப்புவதும் பெண்களுக்கு எழுதாத சட்டம். ரூத் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போகாமல் வேதக்கோயிலுக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து பிடித்தது சனி. அறுந்து அறுந்து விழும் மட்டமான நூலெல்லாம் அவள் மிஷினுக்கு வந்தது. ஒதுங்கப் போகக் கேட்டால் அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அவளும் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு மத்தியானச் சங்கு வரைக்கும் நிற்பாள். பிறகு, மிஷின் துடைக்கிற ஞாயிற்றுக்கிழமை வேலையையும் அவள் தலையிலேயே கட்டினான்.

விட்டுவிட்டு வர முடியுமா என்றால், முடியாது. அவள் புருஷன் ஏசுவடியான் அதே மில்லில் பஞ்சு உடைக்கிற பகுதியில் வேலை செய்தவன். தூசி நெஞ்சுக்குள் போய் அப்பிக்கொண்டது. இப்போது படுத்தால் மூச்சு வாங்குகிறது என்று இரவு பகலாய்ச் சுவரில் சாய்ந்தே இருந்தான். ரூத்தின் கூலியில்தான் அடுப்பு எரிந்தது.

ஒருநாள் சாயங்காலம் வந்தவள் முகம்கூடக் கழுவாமல் உட்கார்ந்துவிட்டாள். “நாளையிலிருந்து நான் போவலீங்க.”

“போவாட்டி வேண்டாம் கண்ணு. கெடைக்கறதக் குடிச்சுக்குவோம்” என்றான் ஏசுவடியான். குடிக்க ஒன்றும் கிடைக்காது என்று இரண்டு பேருக்கும் தெரியும். அதனால் அவனே, “போறதுன்னா ஒண்ணு பண்ணு. அந்தாளு பேரைச் சொல்லி ஆண்டவருகிட்ட தெனமும் வேண்டிக்க” என்றான்.

“அந்தாளுக்கா?”

“அந்தாளுக்குத்தான். நம்மள வதைக்கறவங்களுக்கு வேண்டிக்கச் சொல்லித்தானே இருக்குது. அவன் திருந்துறானோ இல்லியோ, உம்பட நெஞ்சு புண்ணாயிப் போவாம இருக்கோணுமில்ல?”

“உக்காந்த எடத்துல இருந்துட்டுச் சொல்றது சுளுவுங்க.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் கோபப்படவில்லை, சிரித்தான். சிரிப்பு இருமலாகி, அவள் நெஞ்சைத் தடவிவிட வேண்டியதாயிற்று. அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் மறுநாள் வேலைக்கும் போனாள், ஜெபத்தையும் தொடங்கினாள்.

மனசுக்குள் வேண்டிக்கொள்வது அவர்களுக்குப் பழக்கமில்லை. வாய்விட்டுச் சொன்னால்தான் ஜெபம் என்று ஊர் உபதேசியார் பழக்கிவிட்டிருந்தார். மில் இரைச்சலில் யாருக்குக் கேட்கப்போகிறது? “ஆண்டவரே, செங்கோட்டையன் மேஸ்திரிக்கு நல்ல மனசைக் குடும், அவங்க ஊட்டை ஆசீர்வதியும்” என்று அறுந்த நூலை முடிந்துகொண்டே சொல்வாள். முதலில் ஒவ்வொரு சொல்லும் வேப்பங்காயாய்க் கசந்தது. மாதங்கள் போகப் போகக் கசப்பு குறைந்தது. மேலதிகாரியான பெரிய மாஸ்டர் வந்து அதட்டும்போது செங்கோட்டையன் தோள்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்து நிற்பதைக்கூட ஒருநாள் கவனித்தாள். அட, இவனும் பயந்து பிழைக்கிறவன்தானா என்று தோன்றியது. அன்று முதல் அவன் வந்து பக்கத்தில் நின்றாலும் அவள் தன் பாட்டுக்கு நூலை முடிந்துகொண்டிருந்தாள். அது பெரிய விடுதலைதான்.

அவள் உதடு தன் பேரைச் சொல்வதைச் செங்கோட்டையன் பார்த்துக்கொண்டிருந்தான் என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது. பேர் தெளிவாகத் தெரிந்தது. மற்றது அவளுடைய வேதப் பேச்சு, அது அவனுக்கு விளங்கவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில் ஈஸ்டர் வந்தது. வருஷத்தில் ஒரு நாள், அன்றைக்கு மட்டும் விட்டுவிடுங்கள் என்று முன்கூட்டியே கெஞ்சிக் கேட்டிருந்தாள். செங்கோட்டையன் ஆள் அனுப்பி அழைத்தான். சபை முழுக்கப் புதுச்சேலை கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போகையில், ரூத் மிஷினுக்கு அடியில் மல்லாந்து படுத்துக் கழிவுப் பஞ்சால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டுக் கறுப்பு எண்ணெய் கண்ணுக்குள் விழுந்தது. அத்தனை மாதத்துப் பொறுமையும் அந்த ஒரு சொட்டில் போயிற்று.

“ஆண்டவரே, இவன் ஊட்டுல ஒரு அடி போடும். அப்பத்தான் இவனுக்குத் தெரியும்” என்றாள்.

சித்திரை வெயிலோடு ஊருக்குள் அம்மை வந்தது. செங்கோட்டையனின் ஒரே மகள் ராசாத்தாளுக்கு முத்துப் போட்டது. இப்போதுதான் பேசக் கற்ற குழந்தை, அப்பனைக் கண்டால் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும். கண்ணைத் திறக்க முடியாமல் வேப்பிலைமேல் கிடந்தது. அவன் பித்துப் பிடித்தவன்போல மில்லுக்குள் சுற்றினான். அப்போதுதான் அவனுக்கு ரூத்தின் உதடு ஞாபகம் வந்தது.

மத்தியானச் சங்கு ஊதியதும் அவளை மில் வாசல் மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினான். வேலைக்காரர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள்.

“இவ மாசக்கணக்கா எம்பட பேரை முணுமுணுத்துட்டே இருக்கறா. நான் கண்ணால பார்த்தேன். செய்வினை வெச்சுப்போட்டா.” அவன் அங்கே கிடந்த கல்லின்மேல் கற்பூரம் ஏற்றினான். “கெட்டது நெனைக்கலீன்னா இதை அணைச்சுச் சத்தியம் பண்ணு. பண்ணிப்போட்டு வேலைக்குப் போ. பண்ணலீன்னா இந்த மில்லை மறந்துரு.”

“நல்லதுதானுங்க மேஸ்திரி வேண்டுனேன். உங்க ஊடு நல்லா இருக்கோணும்னுதானுங்க.”

“அப்ப அணை.”

பக்கத்து மிஷின்காரி கருப்பாத்தாள் கூட்டத்துக்குள்ளிருந்து உதட்டை மட்டும் அசைத்தாள். “அணைச்சுப்போட்டு வா ரூத்து. உங்க சாமி கோவிச்சுக்காது.”

ரூத்தின் கை நீண்டது. அடுப்பும், சுவரில் சாய்ந்திருப்பவனும், அவன் நெஞ்சுக்கு வாங்கும் தைலமும் அவள் கண்ணுக்கு முன்னால் நின்றன. அணைத்தே விடுவாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அந்நிய சாமிக்கு முன்னால் சத்தியம் செய்யக் கூசினாள் என்று பிரசங்கத்தில் சொன்னால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அவளைத் தடுத்தது அதுவல்ல. அந்த ஒரு ஈஸ்டர்தான் தடுத்தது. அவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

“ஒரு நாளு மட்டும் கெட்டது வேண்டிப்போட்டனுங்க. மிஷினுக்கடியில கெடந்தப்போ. உங்க ஊட்டுல அடி உழுவோணும்னு கேட்டுப்போட்டேன். மத்த நாளெல்லாம் நல்லதுதானுங்க கேட்டேன்.”

அய்யோ பாவி, இப்படியும் ஒருத்தி உண்டா? ஒரு பொய்யில் தப்பித்திருக்கலாம். கூட்டம் பின்வாங்கியது. கருப்பாத்தாள்கூட முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நகர்ந்தாள். செங்கோட்டையன் அடிக்கக் கையை ஓங்கினான், ஆனால் அடிக்கவில்லை. “போயிரு. எம்பட கண்ணு முன்னால நிக்காதே” என்று மட்டும் சொன்னான்.

மேஸ்திரிகளுக்குள் பேச்சு பரவியது. வேறு எந்த மில்லும் அவளை எடுக்கவில்லை. ஆர்.எஸ்.புரத்தில் பெரிய பெரிய வீடுகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே சாந்துச் சட்டி சுமக்கப் போனாள். ஒரு நாள் கருப்பாத்தாள் அவ்வளவு தூரம் நடந்து வந்து, எட்டவே நின்று சொன்னாள்.

“அந்தப் புள்ள போயிருச்சு ரூத்து.”

வீட்டுக்கு வந்த ரூத் அடுப்பைப் பற்ற வைக்கவில்லை. ஏசுவடியான் கேட்டுக் கேட்டுத்தான் விஷயம் வெளியே வந்தது.

“நாந்தானுங்க கொன்னுபோட்டேன். நான் கேட்டேன், அவரு குடுத்துட்டாரு. மாசக்கணக்கா நல்லது கேட்டேன், ஒண்ணும் நடக்கல. ஒரே நாளு கெட்டது கேட்டேன், உடனே நடந்துருச்சு. இனிமே நான் எப்புடீங்க வாயைத் தொறந்து அவருகிட்டப் பேசுவேன்?”

ஏசுவடியானுக்கு மூச்சு வாங்கியது. சுவரிலிருந்து முதுகை எடுத்து அவளுக்கு நேராக நிமிர்ந்து உட்கார்ந்தான். அப்படி உட்கார்ந்தால் நெஞ்சு வலிக்கும், இருந்தாலும் உட்கார்ந்தான்.

“ஊரு பூராம் அம்மையில புள்ளைங்க சாவுது, ரூத்து. அத்தனைக்கும் யாரு வேண்டுனாங்க? ஒனக்கு ஒதுங்கப் போவக்கூட வுடாதவன் மேஸ்திரி. ஒருத்தி அழுக்குலயும் அழுகையிலயும் கெடந்து கத்துனத வெச்சு, ஒரு பச்சப்புள்ளைய அடிக்கறதுக்கு, ஆண்டவரென்ன மேஸ்திரியா?”

அவள் தலையில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். கோயில் வாசலிலும் அழாதவள், கட்டடத்திலும் அழாதவள், சாந்து காய்ந்த கையோடு அழுதாள். அவன் தடுக்கவில்லை.

வெகு நேரம் கழித்து மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்டாள். “அந்தப் புள்ளையப் பெத்தவளுக்கு வேண்டிக்கலாமுங்களா?”

“வா, வேண்டிக்கலாம்.”

அவளுக்கு வார்த்தை வரவில்லை. அதனால் ஏசுவடியான்தான் ஆரம்பித்தான். பாதியில் இருமல் வந்து அவனால் மேலே சொல்ல முடியாமல் போயிற்று. மீதியை அவள் சொன்னாள்.