கல்யாண ஜாக்கெட்டின் முதுகு

வெற்றிலை போடுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது என்று வெளியே சொன்னால், எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பாதிப்பேர் என்னோடு பேச மாட்டார்கள். அதனால் சொல்வதில்லை. ஆனால் மெஷின் இருக்கிற அறைக்குள் வெற்றிலை வாயோடு யாரையும் விட மாட்டேன். "துப்பிட்டு, வாயைக் கொப்புளிச்சிட்டு உள்ள வாங்க" என்று வாசலிலேயே நிறுத்திவிடுவேன். திமிர் பிடித்தவள் என்று பேர். இருக்கட்டுமே. பட்டிலும் வெள்ளைத் துணியிலும் வேலை செய்கிறவளுக்கு அந்தத் திமிர் வேண்டும்.

அறை என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஹாலிஎலவுக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கிற லயத்தின் கடைசி வீட்டுக்கு முன்னால் தகரம் இறக்கிக் கட்டிய இடம். என் மகள் அதை 'ஸ்டூடியோ' என்று பேஸ்புக்கில் போட்டிருக்கிறாள். ஒரு மூலையில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின், இன்னொரு மூலையில் தையல் மெஷின், நடுவில் மேசை. மேசையில் கல்யாணத் தட்டுகளுக்கு ஒட்டுகிற கல், மணி, ரிப்பன், பசை. சுவருக்கு அந்தப் பக்கம் லயத்துச் சாக்கடை ஓடுகிற கான். மழை விட்டு வெயில் அடித்தால் அந்த நாற்றத்தில் ஸ்டூடியோவும் தெரியாது, பேஸ்புக்கும் தெரியாது.

நான் சொல்ல வருகிற அன்றைக்கும் அப்படித்தான் நாறிக்கொண்டிருந்தது. காலையிலிருந்தே கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பள்ளிக்கூடத்துக்குச் சட்டைப் பையில் வைக்கிற பேட்ஜ்கள் மெஷினில் ஓடிக்கொண்டிருந்தன. கோயில் தேருக்குப் போடும் திரைக்கு ஓரம் வைக்க வேண்டும். சீர்த் தட்டுகள் பாதியில் கிடந்தன. மத்தியானம் கரண்ட் போகும் என்று வேறு சொல்லியிருந்தார்கள். இரவெல்லாம் பனி இறங்கியதில், துணிக்கு அடியில் வைக்கிற பேப்பர் நமுத்துப்போய், ஒவ்வொரு பேட்ஜிலும் ஓரம் இழுத்துக்கொண்டது. நூல் அறுந்தது. ஊசி உடைந்தது. நான் மெஷினைத் திட்டிக்கொண்டே கோத்தேன். மெஷினுக்கு ரோஷம் கிடையாது என்பது ஒன்றுதான் அதனிடம் எனக்குப் பிடித்த குணம்.

அந்த நேரம் பார்த்துத்தான் மாப்பிள்ளையின் அத்தை வந்தாள்.

எந்த மாப்பிள்ளை என்று சொல்ல வேண்டும். எங்கள் லயத்தில் மூன்று வீடு தள்ளி இருக்கிற பெண்ணுக்கு அடுத்த வாரம் கல்யாணம். மாப்பிள்ளை ஸ்பிரிங்வெளிப் பக்கம், கொழும்பில் துணிக்கடையில் வேலை. அவனுடைய அம்மா வெளிநாட்டுக்குப் போனவள் வரவேயில்லை. அப்பாவின் தங்கைதான் அவனை வளர்த்தது. அதனால் அந்த வீட்டில் அத்தை சொன்னால் மறுபேச்சு இல்லை. கூறைச் சேலையும் ஜாக்கெட் துணியும் மாப்பிள்ளை வீட்டிலிருந்து வருவது எங்கள் வழக்கம். துணி கொடுத்தவர்கள் ஜாக்கெட்டின் வெட்டைப் பற்றியும் நாலு வார்த்தை சொல்வார்கள். சொல்லட்டும். ஆனால் இந்த அம்மா சொல்ல வரவில்லை, பார்க்க வந்திருந்தாள்.

வாசலில் நிறுத்தினேன். கறிவேப்பிலைச் செடித் தொட்டியில் புளிச்சென்று துப்பினாள். என் செடி! வாயைக் கொப்புளித்தேன் என்று பேர் பண்ணிவிட்டு, கடைவாயில் மிச்சத்தை அடக்கிக்கொண்டே உள்ளே வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு துணிப்பையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டாள். "பையை அந்தப் பக்கம் வைங்கம்மா, வசதியா உக்காருங்க" என்றேன். "இருக்கட்டும் புள்ள, பாரமில்ல" என்றாள். பேசும்போது சுண்ணாம்பு விரலை என் நூல் கண்டின் மேல் துடைத்தாள். வெள்ளை நூல். கல்யாண வேலையாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"ஜாக்கெட் எந்த மட்டுல இருக்கு?"

சந்தன நிறப் பட்டு. இரண்டு கைகளிலும் பூவேலை முடிந்து, வலது கையில் மாப்பிள்ளை, பெண் இருவர் பெயரின் முதல் எழுத்துகளையும் போட்டிருந்தேன். இப்போது எல்லாருக்கும் அது வேண்டும். முதுகுத் துண்டில் மட்டும் இன்னும் வேலை தொடங்கவில்லை. போட்டுப் பார்ப்பதற்காகத் துண்டுகளைத் தற்காலிகமாக ஓட்டுத்தையலில் சேர்த்திருந்ததை எடுத்துக் காட்டினேன்.

"முதுகை நல்லா எறக்கி வெட்டு. இப்ப அதுதானே பேஷன். கொழும்புல எல்லாப் புள்ளைங்களும் அப்படித்தான் போடுதுங்க."

"பொண்ணு மூடித்தான் கேட்டிருக்குங்கம்மா. கழுத்து வரைக்கும் மூடி, மேல வேலைப்பாடு."

"ஏன் மூடணும்?"

அந்த 'ஏன்' எனக்குப் பிடிக்கவில்லை. ஏனென்றால் காரணம் எனக்குத் தெரியும். அளவெடுக்கிறவளுக்குத் தெரியாமல் எதுவும் இருக்காது. சின்ன வயதில் அடுப்பிலிருந்து கொதிக்கிற சோற்றுப்பானை சரிந்து, அந்தப் பெண்ணின் முதுகு தோளிலிருந்து பாதி வரைக்கும் வெந்துபோயிருக்கிறது. தோல் சுருங்கி, பளபளவென்று, ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருக்கும். அளவெடுத்த அன்றே அது என்னிடம் சொன்னது: "அவருக்கு எல்லாம் தெரியும்க்கா. போன்ல காட்டிட்டேன். அதனால என்னன்னு சொன்னாரு. ஊர் பாக்க வேணாம்னுதான் மூடச் சொல்றேன்." சொல்லும்போது அதன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். அந்தக் கல்யாணம் நல்லபடியாக நடக்க வேண்டும் என்று, கோயில் பக்கமே போகாத நான் மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டேன்.

அதனால் அத்தையிடம் கூசாமல் பொய் சொன்னேன். துணி காணாது என்றேன். பட்டு நழுவும், இறக்கி வெட்டினால் தோள் நிற்காது என்றேன். மெஷினில் அந்த டிசைன் இல்லை என்றும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு பையிலிருந்து போனை எடுத்து, "ஏம்மா, ஜாக்கெட் போட்டுப் பாக்க வா. நான் இங்கதான் இருக்கேன்" என்று பெண்ணைக் கூப்பிட்டாள்.

பெண் ஓடிவந்தது. வீட்டில் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தார்கள் போல, கையெல்லாம் மாவு. "வாங்கத்தே, சாப்பிட்டீங்களா? வீட்டுக்கு வராம இங்கயே உக்காந்துட்டீங்களே" என்று உருகியது. கையைக் கழுவிவிட்டு, ஓட்டுத்தையல் போட்ட ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு மூலையில் தொங்கும் திரைக்குப் பின்னால் போனது. நான் பேட்ஜுக்கு நூல் மாற்றத் திரும்பினேன். ஒரு நிமிஷம்கூட இருக்காது. வளையம் கம்பியில் கிறீச்சிடும் சத்தம் கேட்டுத் திரும்பினால், அந்த அம்மா திரையை விலக்கிக்கொண்டு நிற்கிறாள்.

சீ! உடுப்பு மாற்றுகிற பெண்ணின் திரையை இழுக்கிற கை என்ன கை? "என்னம்மா பண்றீங்க?" என்று கத்தினேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சந்தையில் கோழியைப் பிடித்துப் பார்ப்பதுபோல, சுண்ணாம்பு விரலால் அந்தப் பெண்ணின் முதுகைத் தடவினாள். பெண் சுவரோடு ஒட்டிக்கொண்டது. ஆனாலும் திரும்பவில்லை.

"இது போகாதா?"

"போகாது அத்தே."

"ஒட்டுமா?"

"ஒட்டுற வியாதி அதுகிட்ட இல்ல. வெளிய வாங்க" என்று அவள் கையைப் பிடித்து இழுத்து, திரையை மூடினேன். பெண் உள்ளேயிருந்து, "அக்கா, சும்மா இருங்க" என்றது. தன் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்து, ஜாக்கெட்டை மடித்து மேசையில் வைத்தது. "அவருக்குத் தெரியும் அத்தே. நான் எதையும் மறைக்கல."

"தெரியுமா? கேட்டுருவோம்."

போனை எல்லாருக்கும் கேட்கும்படி போட்டாள். கடை இரைச்சலுக்கு நடுவில் அவன் குரல் வந்தது. "டேய், புள்ளைக்கு முதுகெல்லாம் வெந்து கெடக்கு. ஒனக்குத் தெரியுமாடா? தெரிஞ்சேதான் எங்கிட்ட மறைச்சியா?" என்று கேட்டாள். யாரோ அளவு கேட்பதும், துணி கிழிக்கிற சத்தமும் கேட்டன. பெண் போனையே பார்த்துக்கொண்டு நின்றது. நானும் பார்த்தேன். சொல்லிவிடடா, ஒரு வார்த்தைதானே, சொல்லித் தொலையேன் என்று என் மனது அடித்துக்கொண்டது.

"எனக்கெப்படித் தெரியும் அத்தே? எங்கிட்ட யாரும் சொல்லல."

"நான்தான் பேசுறேன்" என்றது பெண். அவன் போனை வைத்துவிட்டான்.

எனக்கு அந்த நாற்றம் பிடித்த கானே தேவலை என்று இருந்தது. ஒரு மனிதன் பயப்படட்டும். வளர்த்தவளுக்குக் கொஞ்சம் அடங்கியும் போகட்டும். ஆனால் காட்டியதைப் பார்த்துவிட்டு, அதனால் என்ன என்று ஆசை வார்த்தை சொல்லிவிட்டு, பார்க்கவே இல்லை என்கிறான். த்தூ! வெற்றிலை போடாத வாயிலும் எவ்வளவு அழுக்கு இருக்கிறது.

பெண் அழவில்லை. அத்தையைப் பார்த்து, "வீட்ல நான் சொல்லிக்கிறேன். ஒங்க சேலை ஒங்க வீட்டுக்கு வந்து சேரும்" என்றது. அவ்வளவுதான். ஆனால் வெளியே போகவில்லை. எப்படிப் போகும்? வீடு நிறைய சொந்தக்காரர்கள். பலகார வாசனை லயம் முழுக்க அடிக்கிறது. பேட்ஜ் கூடைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கத்தரிக்கோலை எடுத்து, நீட்டிக்கொண்டிருந்த நூல்களை ஒவ்வொன்றாக வெட்டத் தொடங்கியது.

அந்த அம்மாவும் போகவில்லை. உட்கார்ந்தாள். இன்னொரு வெற்றிலையை மடித்து, என் அறைக்குள்ளேயே வாயில் போட்டுக்கொண்டாள். அதைத் தடுக்கிற நிலையில் நான் இல்லை. பிறகு அதுவரை கையைவிட்டு இறக்காத பையைப் பிரித்து, ஒரு பழைய ஜாக்கெட்டை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"இது எம் மகளோட அளவு ஜாக்கெட். இந்த அளவுக்கே தச்சிரு. கையில அந்தப் புள்ள எழுத்தை மட்டும் பிரிச்சிட்டு எம் மக எழுத்தைப் போடு. மண்டபம் சொல்லியாச்சு, ஆளுகளுக்கெல்லாம் சொல்லியாச்சு. முறைப்பொண்ணு இருக்கப்ப அவனுக்கு என்ன கொறை?"

அளவு ஜாக்கெட்டை வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறாள்! முதுகைப் பார்ப்பதற்கு முன்னாலேயே, பையில் மகளின் அளவு இருந்திருக்கிறது. எங்கேயோ காற்றுவாக்கில் காதில் விழுந்ததை வைத்துக்கொண்டு, எல்லாம் யோசித்துத்தான் படியேறி வந்திருக்கிறாள். தரையில் உட்கார்ந்திருந்த பெண்ணின் கத்தரிக்கோல் ஒரு நொடி நின்று, மறுபடி ஓடியது.

"வேற எழுத்து நான் போட மாட்டேன். தைக்கவும் மாட்டேன்" என்றேன். "ஒங்க துணி. பிரிக்கச் சொன்னா பிரிச்சுத் தர்றேன். ஆனா இது பட்டு. ஊசி ஏறின ஓட்டை அப்படியே நிக்கும். பருத்தி மாதிரி மூடாது. அந்த எழுத்தோட உருவம் தெரியும். அப்புறம் என்னைக் குறை சொல்லக்கூடாது."

"நீ பிரி. மத்தத நான் பாத்துக்கிறேன்."

கையைத் திருப்பிப்போட்டு, அடியில் இருந்த நூலைச் சின்ன பிளேடால் அறுத்து, மேல்நூலைக் கிள்ளி எடுத்தேன். என் வாழ்க்கையில் இவ்வளவு வெறுப்போடு நான் எந்த நூலையும் பிரித்ததில்லை. தங்க நூல் பொடிப்பொடியாக மேசையில் விழுந்தது. முடித்துவிட்டு வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். நான் சொன்னபடியே பொட்டுப் பொட்டாக ஓட்டைகள். மாப்பிள்ளை எழுத்துக்குப் பக்கத்தில் அந்தப் பெண்ணின் எழுத்து, நூலில்லாமல், தெளிவாக நின்றது.

"தெரியுதே!"

"சொன்னேனே."

"கொஞ்சம் ஈரம் வச்சுத் தேச்சா மூடிக்கும்" என்று கையிலிருந்து பிடுங்கினாள். "வேணாம்மா" என்று நான் சொல்வதற்குள் கட்டைவிரலை நாக்கில் நன்றாக ஒற்றி, ஓட்டைகளின் மேல் வைத்து அழுத்தித் தேய்த்தாள்.

சந்தன நிறப் பட்டில் வெற்றிலைச் சிவப்பு அகலமாகப் பரவியது. பதறிப்போய் முந்தானையால் துடைத்தாள். இன்னும் பரவியது. அந்த எழுத்தையும் தாண்டி, நான் போட்ட பூவுக்குள் போய், மாப்பிள்ளை எழுத்திலும் ஏறியது. எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. மகளின் கல்யாணத் துணியில் எச்சிலைத் தேய்த்துக்கொண்டு நிற்கிற ஒரு பொம்பளையைப் பார்க்க அருவருப்பாகத்தான் இருந்தது.

அவள் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தாள். குரல் இறங்கிப்போயிருந்தது.

"இது போகுமா புள்ள?"

நான் வாயைத் திறப்பதற்குள் தரையிலிருந்து பதில் வந்தது. குனிந்த தலை நிமிரவில்லை. கையில் ஒரு பேட்ஜ், அதில் நீட்டிக்கொண்டிருந்த நூலை வெட்டிக்கொண்டே சொன்னது.

"போகாது அத்தே."