பிள்ளை பெற்ற முடி

எங்கள் வளவில் ஒரே மாதத்தில் இரண்டு பேருக்குப் பிரசவம் ஆனது. எதிர்வீட்டு அக்காவுக்கும் எனக்கும். வளவு என்றால் ஒரு முற்றம், ஒரு கிணறு, சுற்றி ஏழு வீடு. அவள் பிள்ளை தங்கியது. என்னுடையது பிறந்த அன்றே போய்விட்டது. எனக்கு மயக்கம் தெளிவதற்குள் அத்தை, என் மாமியார், அதைக் குளிப்பாட்டித் துணியில் சுற்றி அடக்கம் பண்ணக் கொடுத்தனுப்பிவிட்டார். நான் முகம்கூடப் பார்க்கவில்லை. பார்த்தால் மனசு விட்டுப்போகும் என்றார்களாம்.

எழுபதுகளின் கடைசி அது. பால் வற்றுவதற்கு மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டினார்கள். சங்கரன்கோவிலில் பூவுக்கா பஞ்சம்? நாலைந்து நாளில் பால் நின்றது. அதோடு பிள்ளைப் பேச்சும் நின்றது. என் எதிரில் அதைப் பேசக்கூடாது என்று கூட்டம் போட்டு முடிவெடுத்ததுபோல் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். நல்ல மனசோடுதான் செய்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் ஒரு பிள்ளையைச் சுமந்து பெற்றேன் என்று சொல்ல ஒரு நாதி இல்லாமல் போனதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஒருத்தராவது என்னைப் பிள்ளை பெற்றவள் என்று சொல்லமாட்டார்களா என்று ஏங்கினேன். என் வீட்டுக்காரருக்கு மேலநீலிதநல்லூர் யூனியன் ஆபீசில் வேலை. காலை பஸ்ஸில் போனால் பொழுதடையத்தான் வருவார். வந்தாலும் “சாப்பிட்டியா” என்பதற்கு மேல் அவரிடம் பேச்சு கிடையாது.

மூன்று மாதம் கழித்து எனக்கு முடி கொட்ட ஆரம்பித்தது. சீப்பை வைத்தால் கொத்தாக வந்தது. தலையணையில், கிணற்றடியில், சோற்றுத் தட்டில் எல்லாம் முடி. அதே வாரம் எதிர்வீட்டு அக்காவுக்கும் கொட்டியது. அவள் அதை உருண்டையாகச் சுருட்டி வளவுக்கே காட்டினாள்.

“பிள்ள மொகம் பாத்துச் சிரிக்க ஆரம்பிச்சிட்டாம்லா, அதான் கொட்டுது” என்றாள்.

பிள்ளை சிரித்தால் தாய்க்கு முடி கொட்டும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பரிசு விழுந்ததுபோல் அவளுக்கு ஒரே பெருமை.

என் முடியை எந்தக் கணக்கில் சேர்ப்பது? சிரிக்க என்னிடம் பிள்ளை இல்லை. அதனால் அது வியாதியாகத்தான் இருக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. நெற்றியோரம் இரண்டு பக்கமும் வெளிறிக் கிடந்ததைப் பார்த்த அத்தை, “இது புழுவெட்டுல்லா” என்றார். கண்ணுக்குத் தெரியாத புழு முடியை வேரோடு அரிக்கிறதாம், அடுத்தவருக்கும் ஒட்டுமாம். கைவைத்தியம் என்று, ஆற்றங்கரையில் காய்க்கிற கசப்பான ஆற்றுத்தும்மட்டிக்காயை அறுத்துத் தேய்த்தார்கள். எரிச்சலில் உயிர் போனது. தேய்த்த இடம் புண்ணாகி, இருந்த நாலு முடியும் உதிர்ந்தது. “பாத்தியா, வட்டமா விழுந்துட்டு” என்று அதையே அத்தாட்சியாகக் காட்டினார்கள்!

மத்தியானம் வேலை முடிந்தால் வளவுப் பெண்கள் முற்றத்தில் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக உட்கார்ந்து பேன் பார்ப்பார்கள், தலை பின்னிக்கொள்வார்கள். அந்த வரிசையில் எனக்கு இருந்த இடம் போய்விட்டது. வராதே என்று யாரும் சொல்லவில்லை. நான் போய் உட்கார்ந்ததும் எனக்குப் பின்னால் இருப்பவளுக்கு அடுப்பில் ஏதாவது கருகும், அவ்வளவுதான். எனக்குத் தனிச் சீப்பு, தனித் தலையணை. ஜன்னல் பக்கம் நின்று என் தலையை நானே பின்னிக்கொள்வேன். முற்றத்துச் சிரிப்பைக் கேட்கக் கேட்க ஆத்திரமாக வரும், அழுகையாகவும் வரும்.

புண்ணில் சீழ் கட்டியபோது, யாரிடமும் சொல்லாமல் ராஜபாளையம் ரோட்டில் இருந்த டாக்டரம்மாவிடம் போனேன். புழுவெட்டு என்று சொன்னேன். அவர் தலையை வகிடு வகிடாகப் பிரித்துப் பார்த்தார். விரல் நகங்களைப் பார்த்தார். நாலு முடியை மெல்ல இழுத்தார். நோகாமல் கையோடு வந்தது.

“புழுவெட்டுன்னா காசு வச்ச மாதிரி வட்டமா, வழுவழுன்னு இருக்கும். அதுல புழுவும் கிடையாது, ஒட்டவும் செய்யாது. உடம்பு தன் முடியவே வேத்தாளுன்னு நினைச்சு அடிக்கிறது அது. சில பேருக்கு நகத்துலகூடக் குழி விழும். உனக்கு அப்படி இல்ல, தலை பூரா ஒண்ணுபோல கொட்டுது. இந்தப் புண் நீங்களா உண்டாக்கினது” என்றார். பிறகு வெகு சாதாரணமாகக் கேட்டார்: “பிரசவம் ஆகி எத்தனை மாசம் ஆச்சு?”

நான் பிரசவத்தைப் பற்றி அவரிடம் வாயே திறக்கவில்லை.

“நாலாவது மாசம். பிள்ள இல்ல” என்றேன்.

“பிள்ளை இருந்தாலும் இல்லாட்டாலும் பெத்தவளுக்குக் கொட்டத்தான் செய்யும். மாசமா இருக்கும்போது ஹார்மோன் முடியை விழ விடாது. பெத்ததும் அது குறைஞ்சிரும், நின்னதெல்லாம் மொத்தமா விழும். பயப்படாத, தானா வளரும்.”

புண்ணுக்கு மட்டும் களிம்பு எழுதிக் கொடுத்தார். வீடுவரை அழுதுகொண்டே நடந்தேன். துக்கம் மட்டும் இல்லை அதில். எல்லோரும் மறந்துவிட்டதை என் உடம்பு மறக்கவில்லை என்று ஒரு ஆறுதலும் இருந்தது.

வளவுக்குள் நுழைந்தபோது முற்றத்தில் வரிசை உட்கார்ந்திருந்தது. அத்தை பக்கத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

“எங்கட்டி போயிட்டு வார?”

“டாக்டரம்மாட்ட போனேன் அத்த. புழுவெட்டு இல்லையாம். பிள்ள பெத்தவளுக்குக் கொட்டுற முடிதானாம்.”

எல்லோருக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். எதிர்வீட்டு அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். யாரும் நகர்ந்து இடம் விடவில்லை. நான் உள்ளே போய்விட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து அத்தை வந்தார். என் பின்னால் உட்கார்ந்து, கொண்டையை அவிழ்த்து, தன்னுடைய சீப்பால் வாரினார். முடி கொத்தாக வந்தது. அதை உருண்டையாகச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டார்.

“அதுக்கும் தல நெறைய முடிட்டி” என்றார். “குளிப்பாட்டும்போது பாத்தேன். பிடரி வரைக்கும் கெடந்துச்சு.”

நான் திரும்பவில்லை. திரும்பினால் நிறுத்திவிடுவாரோ என்று பயம்.

“இன்னும் சொல்லுங்க அத்த” என்றேன்.