அறுநூறு இடத்தில் மூன்று வயது

வீடியோ கேம் தயாரிக்கும் அந்த அலுவலகத்தில் அவருக்குப் பெயர் சுவர்க்காரர். கேமில் வருவது வீடோ சிறையோ, சுவர் அவருடையது. பதினோரு வருடமாக இதே வேலை. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் சுவரைத்தான் தடவுவார். "எங்க வீட்டுக்கு முதல் தடவ வந்தப்ப அப்பா கையை நீட்டிக்கிட்டு நிக்கிறாரு. இவரு காரையச் சுரண்டிக்கிட்டு நிக்கிறாரு" என்பாள் மனைவி.

ஒரு சுவரைப் படம் பிடிப்பார். இடது ஓரமும் வலது ஓரமும் ஒட்டும்படி சரிசெய்வார். அந்த ஒரே துண்டு, தரை ஓடு பதித்த மாதிரி, திரும்பத் திரும்ப வந்து கேமில் ஒரு கட்டடம் முழுவதையும் மூடும். அதனால் கண்ணை இழுக்கிற கீறல் ஒன்றுகூட அதில் இருக்கக் கூடாது. ஊரார் சுவரில் கொசு நசுங்கிய தடத்தையும் விடமாட்டார்.

இப்போதைய கேமில் வரும் கோட்டைக்குச் சொந்தச் சமையலறைச் சுவரை எடுத்திருந்தார்.

கேம் வெளியாகும் நாள், மதியம் மூன்று மணி. கேமை விளையாடிப் பார்த்துப் பிழை சொல்லும் பெண் வந்து நின்றாள்.

"அண்ணே, உங்க கோட்டையில குழந்த ஏதும் வளருதா?"

"என்னம்மா சொல்ற?"

"நாலடிக்கு ஒரு பென்சில் கோடு. பக்கத்துல 'மூணு வயசு'ன்னு எழுதியிருக்கு. அறுநூறு எடம் இருக்கும்."

மகளின் உயரத்துக்கு அவரே போட்ட கோடு. தினமும் பார்த்த கண்ணுக்கு அது கறையாகப் படவே இல்லை.

குழுத் தலைவி மணியைப் பார்த்தார். "நாலுக்குள்ள முடியலன்னா கோட்டைய எடுத்துட்டு அனுப்பிடுவோம்."

எட்டு மாத வேலை. அவர் கணினிப் பக்கம் திரும்பினார். துண்டைத் திறந்தார். கோட்டின்மேல் வேறொரு சுவரின் காரையை வைத்து மூடினார்.

"இப்ப கோட்டைக்கே பிளாஸ்திரி போட்ட மாதிரி இருக்குண்ணே."

அழித்தார். சமையலறைப் படத்தையே பெரிதாக்கிப் பார்த்தார். கோட்டுக்கு ஒரு சாண் மேலே, அதே ஜன்னல் வெளிச்சம் விழுந்த வெறும் காரை. அதை எடுத்து வைத்து ஓரங்களைத் தேய்த்தார். மூன்று ஐம்பது.

அவள் திரையில் கோட்டையைச் சுற்றி ஓடினாள். படியேறினாள், இறங்கினாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்லண்ணே. சுத்தம்."

"அனுப்புங்க" என்றார் தலைவி.

ஒரு பாட்டில் தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னார்.

"அங்க அழிச்சது சரி" என்றாள் மனைவி. "இங்க அழிச்சீங்கன்னா அந்தக் கோட்டையிலேயே குடியிருந்துக்குங்க. ஆமா, பாப்பாவுக்கு ஆறு வயசாச்சே, அதுக்கு எப்பக் கோடு போடப் போறீங்க?"

மேசையில் பென்சில் தேடினார். கணினியில் வரையும் பேனாதான் இருந்தது. பிழை சொன்ன பெண்ணிடம் ஒரு பென்சில் வாங்கிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.