அக்காவின் குளிசையும் பாஸ்ரரின் கையும்

நான் ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுக்கிறவன். கிளிநொச்சிக்கும் புதுக்குடியிருப்புக்கும் இடையில் கோயில் திருவிழா, கலியாணம், செத்தவீடு எதுவென்றாலும் என் பெட்டிகள் போகும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. நாலு பேர் முன்னால் கதைக்க எனக்கு வராது. மைக் வேலை செய்கிறதா என்று விரலால் தட்டிப் பார்ப்பேனே தவிர, அதற்குள் ‘ஹலோ’ என்றுகூட இன்றுவரை சொன்னதில்லை. இப்போது எழுதுவதற்குக் காரணம் ஒரு பாஸ்ரர். அவரை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கச் சொல்லி ஒருவரும் என்னிடம் வரவேண்டாம்.

வேதக்காரர் எங்களுக்குப் புதியவர்கள் இல்லை. நாயாற்றுப் பக்கம் மீன் பிடிக்கிற சனம் மாதாவைக் கும்பிடும். போகிற வழியில் எங்கள் பிள்ளையாருக்கும் ஒரு தேங்காய் உடைக்கும். மாதா கோயில் திருநாளுக்குப் பெட்டி கட்டப் போனால் அங்கிருந்த பாதர், “சாப்பிட்டியோ தம்பி?” என்றுதான் முதலில் கேட்பார். என் நெற்றித் திருநீறு அவர் கண்ணில் குத்தியதில்லை.

சண்டை முடிந்து நாங்கள் ஊர் திரும்பிய பிறகு வந்த சபை வேறு மாதிரி. முதலில் கூரைத் தகரம் வந்தது. பிறகு சைக்கிள் வந்தது. பிறகு பாட்டு வந்தது. பாட்டுக்குப் பின்னால் எங்கள் சாமியெல்லாம் பிசாசு என்ற கதை வந்தது. வாடகைக்குக் கூப்பிட்டார்கள், நானும் போனேன். என் தொழில் அது.

அந்தச் சபையின் பாஸ்ரர் எனக்குக் கைச்சைகை பழக்கினார். வலக்கையை மேலே தூக்கினால் எக்கோவைக் கூட்ட வேண்டும். உள்ளங்கையைக் கீழே பார்த்தபடி வைத்து அமத்தினால் சத்தத்தைக் குறைக்க வேண்டும்.

“தம்பி, ஆவியானவர் இறங்கேக்கை எக்கோ கூட வேணும். அப்பதான் சனம் உணரும்.”

என்னோடு பெட்டி தூக்குகிறவர் மலையகத்திலிருந்து வந்து எங்கள் பக்கம் குடியிருப்பவர். அவர் என் காதுக்குள் சொன்னார்: “ஏன்ணே, ஆவியானவரு இறங்குறதும் ஏறுறதும் உங்க பட்டன்லயா இருக்கு?” எனக்குச் சிரிப்பு வந்தது. அப்போது சிரிக்க முடிந்தது.

எனக்கு ஒரேயொரு அக்கா. அத்தான் சண்டையில் போய்விட்டார், பிள்ளைகளும் இல்லை. அப்பா காடு வெட்டிக் கழனியாக்கிய காணியில் எனக்கு அடுத்த வளவில் தனியாக இருந்தா. அவாவுக்குச் சீனி வருத்தம், கிளினிக்கில் மாதாமாதம் மருந்துக் குளிசை எடுக்கிறவா. பின்னேரங்களில் சபைப் பெண்கள் வந்து அவாவுக்குப் பக்கத்தில் இருந்து கதைத்தார்கள். கோயில் பக்கமிருந்து அப்படி ஒருத்தரும் வந்து இருக்கவில்லை. அதை நான் மறைக்கமாட்டேன். அக்கா அவர்களோடு போகத் தொடங்கினா. போகட்டும் என்று இருந்தேன். யேசுவோடு எனக்கு ஒரு பகையும் இல்லை.

ஒரு கூட்டத்தில் மேடைக்கு முன்னால் பெரிய பேசின் ஒன்று வைத்தார்கள். விசுவாசம் உள்ளவர்கள் பழையதை அதற்குள் போடவேண்டும் என்றார் பாஸ்ரர். சனம் வரிசையாக வந்து கோயில் நூலை அறுத்துப் போட்டது, தாயத்தைப் போட்டது. அக்கா கிளினிக்கில் கொடுத்த குளிசைப் பையை அப்படியே போட்டா. பாஸ்ரரின் வலக்கை மேலே போனது. நான் எக்கோவைக் கூட்டினேன்.

“இந்தத் தாய்க்கு இனிக் குளிசை தேவையில்லை... யில்லை... யில்லை...”

சனம் கையைத் தட்டியது. அதே பாஸ்ரர், கூட்டம் தொடங்க முன்னம் மேடைக்குப் பின்னால் என் தண்ணீர்ப் போத்தலை வாங்கித் தன்னுடைய பிறஷர் குளிசையை விழுங்கியிருந்தார். ஒவ்வொரு கூட்டத்துக்கும் விழுங்குவார்.

அன்று வீட்டில் அக்காவிடம் கேட்டேன். “கிளினிக்குக்குப் போகேல்லையோ?”

“நீ உன்ரை வயரைப் பார். விசுவாசம் இல்லாதவையின்ரை கதையைக் கேட்டால் சுகம் வராதாம்.”

அடுத்த கிழமை சபைக்காரர் பாட்டுப் பாடிக்கொண்டு வந்து, அக்காவின் வளவில் பாலை மரத்தடியில் அப்பா நட்டு வைத்த வைரவர் சூலத்தைப் பிடுங்கி வாய்க்காலுக்குள் எறிந்தார்கள். அவர்கள் போன பிறகு நான் தண்ணீருக்குள் இறங்கித் தடவி எடுத்து என் வளவில் நட்டேன்.

பிறகு அக்காவின் காலில் முள் குத்தியது. பாஸ்ரர் ஜெப எண்ணெய் கொடுத்தார். காயம் கறுத்தது, மணத்தது. நான் ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது பிந்திவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

பாஸ்ரர் வாட்டுக்கு வந்தார். அக்கா மயக்கத்தில் கிடந்தா. அவர் என்னைப் பார்க்காமல், பக்கத்துக் கட்டில்காரரைப் பார்த்துச் சொன்னார்: “குடும்பத்துக்குள்ளை ஒரு அவிசுவாசி இருந்தால் தேவன் என்ன செய்ய ஏலும்?”

நான் குனிந்து அவருடைய கால் சப்பாத்தைப் பார்த்தேன். இரண்டும் நன்றாக மினுக்கியிருந்தன. அன்று வீட்டுக்கு வந்து சூலத்துக்கு முன்னால் நின்று, அந்தச் சப்பாத்தில் ஒன்று அவருக்குத் தேவையில்லாமல் போகவேண்டும் என்று நேர்ந்தேன். வைரவர் இன்னும் தரவில்லை. நேர்த்தியை நான் திருப்பி எடுக்கவும் இல்லை.

அக்கா தெளிந்ததும் தண்ணீர்ப் போத்தல் கதையைச் சொன்னேன். “நீ கண்ணாலை கண்டனியோ?” என்று கேட்டா. “ஓம்” என்றேன். பிறகு அதைப் பற்றிக் கதைக்கவேயில்லை.

மாரி முடிந்து வயல் அறுத்த பிறகு, விளையாட்டு மைதானத்தில் பெரிய கூட்டம் வைத்தார்கள். பாஸ்ரர் வீட்டுக்கே வந்து, உயிரைக் காத்த கர்த்தருக்கு அக்கா சாட்சி சொல்லவேண்டும் என்று கேட்டார். அக்கா “ஓம், வாறன் பாஸ்ரர்” என்றா. எனக்குப் பற்றி எரிந்தது.

“காலை எடுத்தது காணாதோ? ஏன் போறியள்?”

“நீ பெட்டியை ஒழுங்காக் கட்டு. எனக்குச் சத்தம் வேணும்” என்றா.

கூட்டத்தன்று பெட்டி தூக்குகிறவரும் நானும் அக்காவைச் சக்கர நாற்காலியோடு மேடையில் ஏற்றினோம். “அக்கா, கெட்டியா புடிச்சுக்குங்க. சொர்க்கத்துக்கு இந்தப் பலகை வழியாத்தான் ஏறணுமாம்” என்றார் அவர். அக்கா சிரித்தா. வருத்தம் வந்த பிறகு அன்றுதான் சிரிக்கக் கண்டேன். கீழே அந்தப் பேசின் இருந்தது. அன்று சனம் போட்ட நூலும் தாயத்தும், அக்காவைப் பார்த்துப் பழகிப் போட்ட குளிசை அட்டைகளும் அரைவாசிக்குக் கிடந்தன.

அக்கா மைக்கைப் பிடித்தா.

“நான் யேசுவை விடேல்லை. அவர் என்ரை காலைக் கேக்கவுமில்லை. இவர்தான் கேட்டவர்” என்று பாஸ்ரர் பக்கம் திரும்பினா. “பாஸ்ரர், நான் அண்டைக்கு இதுக்கை போட்ட குளிசை எங்கை? மேடைக்குப் பின்னாலை நீங்கள் விழுங்கிற குளிசையை ஏன் இதுக்கை போடேல்லை?”

பாஸ்ரர் என்னைப் பார்த்தார். உள்ளங்கையைக் கீழே அமத்தினார். கீபோர்ட்காரர் அவசரமாகப் பாட்டைத் தொடங்கினார். நான் கீபோர்ட் சத்தத்தை அடியோடு இறக்கினேன். பாஸ்ரர் இன்னும் பலமாக அமத்தினார், கோழியைக் கூட்டுக்குள் அமத்துகிற மாதிரி. அவர் முகத்தை நான் நேராகப் பார்த்தது அதுதான் முதல் தரம். பார்த்தபடியே அக்காவின் மைக்கைக் கூட்டினேன். எக்கோவையும் கூட்டினேன்.

“எங்கை... எங்கை... எங்கை...”

மைதானம் முழுக்கக் கேட்டது. றோட்டுக்கு அப்பால் சந்தைச் சனமும் எழும்பி நின்றது. முன்வரிசையிலிருந்து ஒரு கிழவர் எழுந்து போய், பேசினுக்குள் கையை விட்டுத் துழாவி, தன் குளிசை அட்டையை எடுத்து மடியில் செருகிக்கொண்டார். பிறகு ஒரு பெண் போனா. பிறகு பலர் போனார்கள். பாஸ்ரர் ஏதோ கத்தினார். அவருடைய மைக்கை நான் மூடியிருந்தேன். முன்னால் இருந்தவர்களுக்கு மட்டும், பஸ்ஸை மறிக்கிற ஒருவரின் சத்தம் போலக் கேட்டிருக்கும்.

இத்தனையாலும் அக்காவுக்குக் கால் முளைக்கவில்லை. ஆனால் அன்று நான் வயிறாறச் சாப்பிட்டேன்.

அதற்கு முன்னம், சனம் கலைந்து நான் வயர் சுற்றிக்கொண்டிருந்தபோது பாஸ்ரர் கிட்ட வந்தார்.

“தம்பி, நான் கை காட்டினதை நீர் காணேல்லையோ?”

“கண்டனான், பாஸ்ரர்.”

நான் இன்னும் ஏதாவது சொல்வேன் என்று பார்த்துக்கொண்டு நின்றார். நான் வயரைச் சுற்றினேன்.