வாளிக்குள் ஒரு வாய்

எழுபதுகளின் தொடக்கம். கடம்பத்தூரிலிருந்து தினமும் ரயிலேறிச் சென்னைக்குப் போய் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட ஜிலேபி மீன், நம் ஏரிகளில் பெருகி மற்ற மீன்களை விரட்டுகிறது என்று எங்கள் பேராசிரியை சொல்லியிருந்தார்.

"உங்க ஊர்ல கிடைச்சா கொண்டு வாங்க. ஆனா அந்த ஏரித் தண்ணி ஒரு சொட்டுகூட வேற குளத்துல விழக்கூடாது" என்று சொல்லி, மீனைக் கெடாமல் வைக்க ஒரு புட்டி ஃபார்மலின் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் வகுப்புத் தோழியும் ஏரிக்கரையில் காத்திருந்தோம். வலை வீசிக்கொண்டிருந்தவர் நான்காவது வீச்சில் கத்தினார்.

"யம்மா, இத்த பாருங்க! கெண்டை மாதிரி கீது, ஆனா கெண்டை இல்ல. முதுவு முள்ளு இன்னாமா குத்துது!"

அதேதான்! உள்ளங்கை நீளம், கருத்த உடம்பு. ஏரித் தண்ணீரோடு வாளியில் விட்டு, ஈரத்துணியால் மூடி, வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினோம்.

வழியில் ஒரு குளம். தோழி வாளிக்குள் கையை விட்டாள்.

"தண்ணி சுடுதுடி. செத்துடப் போவுது. இத்த ஊத்திட்டு நல்ல தண்ணி மொண்டுக்கலாம்."

வெயிலில் எனக்கும் புத்தி வேலை செய்யவில்லை. படியில் இறங்கி வாளியைச் சாய்த்தேன். விளிம்பில் எள் மாதிரி ஏதோ நெளிந்தது. சட்டென்று நிமிர்த்தினேன். மீன் வாயைத் திறந்தது. உள்ளிருந்து குஞ்சுகள் கூட்டமாகக் கொட்டின!

"ஐயோ, வாயில குட்டி வெச்சிக்கினு இருந்துருக்குடி!"

ஒரு நொடி தாமதித்திருந்தால் அத்தனையும் குளத்துக்குள். வாளியை அணைத்துக்கொண்டு படியேறினேன். மேலே வந்ததும், இப்படி ஒரு மீன் கிடைத்த சந்தோஷத்தில் இருவரும் நடுரோட்டில் குதித்தோம்.

வீட்டுக் கொல்லையில், காற்றுக்கு முதுகு காட்டி நின்று, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, ஒரு பங்கு ஃபார்மலினுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்தோம். அப்படியும் கண் எரிந்தது. தாயையும் குஞ்சுகளையும் கண்ணாடி ஜாடியில் இறக்கினோம். ஊர், ஏரி, தேதி, பிடித்தவர் பெயர் எல்லாவற்றையும் மை கரையும் என்று பென்சிலால் எழுதி, சீட்டை உள்ளேயே போட்டோம். வாளித் தண்ணீரைக் காய்ந்த மண்ணில் ஊற்றி, வாளியை வெயிலில் கவிழ்த்தோம்.

மறுநாள் பேராசிரியை ஜாடியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். குஞ்சுகள் வாயிலிருந்து கொட்டியதை நாங்கள் சொல்லச் சொல்ல, ஜாடியைச் சுழற்றிப் பார்த்தார். பிறகு, "வாயில குஞ்சோட இருக்கிறத புத்தகத்துலதான் பாத்திருக்கேன்" என்றார். வகுப்பே மேசையைச் சுற்றி முண்டியடித்தது.

அன்று மாலை ரயிலில் இடம் இருந்தும் நாங்கள் உட்காரவில்லை. கதவருகே நின்று வேப்பம்பட்டு தாண்டியும் கத்திக் கத்திப் பேசிக்கொண்டே வந்தோம்.